குறைந்த செலவில் மொபைல் இணையமும் அழைப்பும்: முதன்முதலாக சிம் வாங்குபவருக்கு

கடைக்குப் போய் "நல்ல பிளான் எது?" என்று கேட்டால், விற்பவருக்கு எது நல்லதோ அதைத்தான் எடுத்து நீட்டுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. உங்கள் போனில் ஒரு நாளைக்கு எவ்வளவு டேட்டா ஓடுகிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கே தெரியாதே. மொபைல் செலவைக் குறைக்க நினைப்பவர் விலைப்பட்டியலை முதலில் ஓரமாக வைத்துவிட்டு, தன் பயன்பாட்டை அளக்க வேண்டும். அளவு கைக்கு வந்துவிட்டால் பிளான் தேர்வு பத்து நிமிட வேலைதான்.

இதுவரை வீட்டார் போனின் ஹாட்ஸ்பாட்டில் காலம் ஓட்டியவர், புதிய ஊருக்குக் குடிபோனவர், வீட்டுக்கு வயர் இணைப்பு இழுக்க வசதியில்லாமல் மொபைலையே நம்பியிருப்பவர் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் அளவு

ஒரு சின்னக் கணக்கைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள். டேட்டாவை மெகாபைட்டில் விற்பார்கள். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் இடைவிடாமல் ஓடினால் 450 மெகாபைட் (எம்பி) செலவாகும். இந்த 450 என்ற எண்ணை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் நீங்களே கணக்குப் போடலாம்.

480பி தரத்தில் வீடியோ பார்த்தால் ஏறக்குறைய 1 எம்பிபிஎஸ் (நொடிக்கு ஒரு மெகாபிட்) ஓடும். ஆக மணிக்கு அரை ஜிபி. 1080பி என்றால் 4 அல்லது 5 எம்பிபிஎஸ். மணிக்கு 2 ஜிபி. 4கே தரம் மணிக்கு 7 ஜிபி வரை விழுங்கும். பாட்டு கேட்பது அவ்வளவு இல்லை: 96 கேபிபிஎஸ் (நொடிக்கு 96 கிலோபிட்) தரத்தில் மணிக்கு 43 எம்பி, உயர்ந்த தரமான 320 கேபிபிஎஸ்ஸில் 144 எம்பி. செயலி வழியாகப் பேசினால் மணிக்கு 30 முதல் 60 எம்பிக்குள் அடங்கும். எழுத்துச் செய்தி அனுப்புவது கணக்கில் சேர்க்கும் அளவுக்குக்கூட வராது.

இந்த எண்களை வரிசையாகப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். உங்கள் டேட்டா செலவைத் தீர்மானிப்பது வீடியோ. மற்றதெல்லாம் சில்லறை. ஆறு அங்குலத் திரையைக் கையில் பிடித்துப் பார்ப்பவருக்கு 480பி தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. கிரிக்கெட் ஸ்கோர் எழுத்தோ பாடத்தின் கரும்பலகையோ மங்கலாகத் தெரிந்தால் 720பிக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். தரத்தை "தானியங்கி" என்று விட்டுவைத்தால் மட்டும் ஆபத்து. சிக்னல் நன்றாக இருக்கும்போது செயலி தானாக மேல் தரத்துக்கு ஏறிவிடும்.

ஏற்கெனவே இணைப்பு வைத்திருப்பவர் செட்டிங்ஸில் டேட்டா பயன்பாடு என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். எந்தச் செயலி எவ்வளவு தின்றது என்று வரிசையாக இருக்கும். ஆண்ட்ராய்டில் மாதச் சுழற்சி தொடங்கும் தேதியை உங்கள் ரீசார்ஜ் தேதிக்கு மாற்றிவையுங்கள். அங்கேயே எச்சரிக்கை அளவையும், அதைத் தாண்டினால் டேட்டாவை நிறுத்திவிடும் வரம்பையும் போட்டுக்கொள்ளலாம். ஐபோன் இதில் கொஞ்சம் ஏமாற்றும். அதில் காட்டும் "தற்போதைய காலம்" மாதாமாதம் தானாகப் பூஜ்யமாகாது. பட்டியலின் அடியில் இருக்கும் ரீசெட்டை நீங்கள்தான் அழுத்த வேண்டும். போன் வாங்கிய நாளிலிருந்து சேர்ந்த தொகையை ஒரு மாதச் செலவென்று நம்பி மிரண்டு பெரிய பிளானுக்குத் தாவியவர்கள் உண்டு.

புதிதாகத் தொடங்குபவருக்கு அளக்க ஒன்றுமே இருக்காது. அவர்கள் இருப்பதிலேயே குறைந்த வேலிடிட்டி உள்ள ப்ரீபெய்ட் பிளான் ஒன்றை எடுத்து, ஒரு வாரம் வழக்கம்போல் பயன்படுத்திவிட்டு எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும். அதுவரை ஒப்பந்தம், போஸ்ட்பெய்ட், போனோடு சேர்ந்த தவணைத் திட்டம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

போன் ஒத்துழைக்குமா

*#06# என்று டயல் செய்தால் போனின் அடையாளமான 15 இலக்க ஐஎம்ஈஐ எண் திரையில் வரும். இரண்டு சிம் போடும் போனில் இரண்டு எண்கள் வரும். பழைய போனைக் கைமாற்றி வாங்குகிறீர்கள் என்றால் இந்த எண் பெட்டியிலும் ரசீதிலும் இருப்பதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். திருட்டுப் போன் என்று பதிவானால் நெட்வொர்க்குகள் அதை முடக்கிவிடலாம்.

அடுத்தது பூட்டு. தவணையில் விற்ற போன்கள் ஒரே நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும்படி பூட்டப்பட்டிருக்கலாம். வேறொரு நிறுவனத்தின் சிம்மைப் போட்டு ஓர் அழைப்பு செய்து பார்த்த பிறகே காசு கொடுங்கள். பூட்டிய போன் கையில் இருந்தால் மலிவான பிளான் எத்தனை இருந்தாலும் உங்களுக்கு உதவாது.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. 4ஜி இணையம் வேலை செய்யும் எல்லா போனிலும் 4ஜி வழியாக அழைப்பு போகும் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு வோல்ட்டி (VoLTE) என்ற வசதி போனில் இருக்க வேண்டும். அந்த நிறுவனமும் அந்த மாடலுக்கு அதைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். வசதி இல்லாத போன், அழைப்பு வரும்போது 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கும். பல நாடுகளில் அந்தப் பழைய நெட்வொர்க்குகளை ஒவ்வொன்றாக மூடி வருகிறார்கள். மூடியபின் அத்தகைய போனில் இணையம் ஓடும், அழைப்பு மட்டும் போகாது.

உங்கள் வீட்டுக்குள் எட்டும் சிக்னல்

விளம்பரத்தில் காட்டும் வரைபடம் தெருவுக்குச் சொல்லும் கதை. படுக்கையறையில் சிக்னல் இருக்கிறதா என்பதை நீங்களேதான் பார்க்க வேண்டும். 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் தூரம் போகும், சுவரைத் துளைக்கும். 2300, 2600, 3500 போன்ற உயர்ந்தவை வேகம் தரும்; ஆனால் கனத்த சுவரைக் கண்டால் மடங்கிவிடும். அதனால்தான் வாசலில் பறக்கும் இணையம் சமையலறையில் நொண்டுகிறது.

பக்கத்து வீட்டாரிடமும் வந்துபோகும் நண்பர்களிடமும் எந்த நெட்வொர்க் என்று கேளுங்கள். முடிந்தால் அவர்கள் போனை வாங்கி இரவு 8 மணிக்கு மேல் ஒரு வீடியோவை ஓட்டிப் பாருங்கள். காலை 6 மணிக்கு எல்லா நெட்வொர்க்கும் வேகமாகத்தான் இருக்கும். வேகம் அளக்கும் செயலியை அடிக்கடி அழுத்த வேண்டாம். வேகமான இணைப்பில் ஒரே ஒரு சோதனை 100 எம்பிக்கு மேல் கரைத்துவிடும்.

சொந்தமாக டவர் இல்லாமல், பெரிய நிறுவனங்களிடம் மொத்தமாக வாங்கித் தங்கள் பெயரில் விற்கும் சிறு நிறுவனங்களும் பல நாடுகளில் உண்டு. டவர் அதேதான், விலை குறைவு. நெரிசல் நேரத்தில் டவர் வைத்திருக்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கே முன்னுரிமை கிடைப்பதுண்டு. சாயங்கால நெரிசலில் பெரிதாகப் பயன்படுத்தாதவர் இவர்களைத் தாராளமாக நம்பலாம்.

பிளானைப் படிப்பது

பெரிய எழுத்தில் இருக்கும் விலையை விட்டுவிட்டுக் கீழே பொடி எழுத்துக்குப் போங்கள்.

வேலிடிட்டி 28 நாளா, ஒரு மாதமா? 28 நாள் பிளானை ஆண்டுக்கு 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும். "மாத" பிளானோடு ஒப்பிடும்போது அந்தப் பதின்மூன்றாவது தவணையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். விலையை நாட்களால் வகுத்து ஒரு நாள் செலவு என்ன என்று பார்ப்பதுதான் நேர்மையான ஒப்பீடு.

டேட்டா நாள் கணக்கில் வருகிறதா, மொத்தமாக வருகிறதா? நாளுக்கு 1.5 ஜிபி, 28 நாள் என்றால் 42 ஜிபி. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் இன்று மிச்சமானது நள்ளிரவோடு போய்விடும். வாரநாளில் வேலை இடத்து வைஃபையில் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் படம் பார்ப்பவருக்கு அந்த 42 ஜிபியில் பெரும்பகுதி தண்டம். அவருக்கு 10 ஜிபி மொத்தமாகத் தரும் பிளானே லாபம். தினமும் ஒரே சீராகப் பார்ப்பவருக்கு நாள் கணக்கு பொருந்தும்.

"அன்லிமிடெட்" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். குறிப்பிட்ட அளவு முடிந்ததும் வேகத்தை 64 கேபிபிஎஸ் அல்லது 128 கேபிபிஎஸ்ஸுக்கு இறக்கிவிடுவார்கள். 64 கேபிபிஎஸ் என்றால் நொடிக்கு 8 கிலோபைட். 2 எம்பி உள்ள ஒரு சாதாரண இணையப் பக்கம் திறக்க நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். எழுத்துச் செய்தி போகும், மின்னஞ்சல் மெதுவாக வரும், வீடியோவை மறந்துவிடலாம். ஆனால் இதை ஒரேயடியாகக் கழிக்கவும் வேண்டாம். செய்தி மட்டும் பார்க்கும் வயதானவருக்கு, அளவு முடிந்தபின் டேட்டாவை அடியோடு நிறுத்தாமல் வேகத்தை மட்டும் குறைக்கும் பிளான் நல்லதுதான். நிறுத்தாமல் கூடுதல் கட்டணம் போடும் பிளான்தான் அபாயம்.

ஹாட்ஸ்பாட்டுக்கு அனுமதி உண்டா? சில பிளான்களில் போனில் ஓடும் டேட்டாவும் பிற கருவிக்குப் பகிரும் டேட்டாவும் தனித்தனிக் கணக்கு. மடிக்கணினிக்கு இதையே நம்பியிருப்பவர் கேட்காமல் விடக் கூடாத கேள்வி இது.

அழைப்பு நிமிடக் கணக்கா, வினாடிக் கணக்கா என்பதையும் பாருங்கள். நிமிடக் கணக்கில் 61 வினாடி பேசினால் இரண்டு நிமிடக் கட்டணம். தானாகப் புதுப்பிக்கும் வசதி இயல்பாகவே இயங்கிக்கொண்டிருந்தால் முதல் நாளே அணைத்துவையுங்கள்.

பேசுவதற்கு எந்த வழி

பிளானில் இருக்கும் நிமிடங்கள், செயலி வழி அழைப்பு, வைஃபை அழைப்பு என்று மூன்று வழிகள். நேரத்துக்கு ஏற்ப மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவரே குறைவாகச் செலவழிப்பார்.

உள்நாட்டு அழைப்பு பிளானிலேயே அடங்கியிருந்தால் செயலியில் பேசி டேட்டாவை ஏன் செலவழிக்க வேண்டும்? நேரடியாகவே கூப்பிடுங்கள். வோல்ட்டி அழைப்பு உங்கள் டேட்டா கணக்கில் சேராது, தெளிவும் கூடுதல். வெளிநாட்டில் இருப்பவரோடு பேசச் செயலிதான் வழி. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் டேட்டா பகுதிக்குள் "அழைப்புக்குக் குறைந்த டேட்டா" என்ற தேர்வு இருக்கிறது, அதை இயக்கிவையுங்கள். வீடியோ அழைப்பில் முகத்தைப் பார்த்துக் குசலம் விசாரித்துவிட்டு கேமராவை அணைத்துப் பேச்சைத் தொடர்ந்தால் செலவு பத்தில் ஒரு பங்குக்கு இறங்கும். எதிர்முனையில் இணையம் இல்லாத தரைவழி எண்ணென்றால், முன்பணம் கட்டிப் பேசும் இணைய அழைப்புச் சேவைகள் உண்டு. அவற்றில் பெயர்பெற்றிருந்த ஸ்கைப் 2025 மே மாதத்தோடு மூடப்பட்டுவிட்டது. வேறு சேவைகள் இருக்கின்றன. கட்டணத்தை நாடு வாரியாகப் பார்த்துச் சிறு தொகை மட்டும் கட்டுங்கள். சில நாடுகளில் செயலி வழி அழைப்புக்குத் தடையோ கட்டுப்பாடோ உண்டு என்பதையும் போகுமுன் விசாரியுங்கள்.

வைஃபை அழைப்பு என்பது செயலி அழைப்பு அல்ல. உங்கள் சொந்த எண்ணிலிருந்து, டவருக்குப் பதில் வைஃபை வழியாகப் போகும் சாதாரண அழைப்பு. மறுமுனையில் இருப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. வீட்டுக்குள் சிக்னல் வராதவருக்கு இது வரம். கட்டணம் பொதுவாகப் பிளானில் உள்ள நிமிடங்களிலிருந்தே கழியும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அவசர எண்ணுக்கு அரட்டைச் செயலியில் அழைக்க முடியாது. உலகின் பெரும்பகுதியில் மொபைலிலிருந்து 112 அழைத்தால் அவசர உதவிக்குப் போகும். அதற்காகவாவது போனில் உயிருள்ள சிம் ஒன்று இருக்கட்டும்.

எஸ்எம்எஸ் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து கொள்ளும். தமிழில் எழுதினால் 70 குறிகள்தான். அதிலும் "கி" என்பது க ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டாகக் கணக்காகும். "ம்" என்பதும் இரண்டு. ஆக நாற்பது எழுத்துகளைத் தாண்டினாலே பெரும்பாலும் அடுத்த எஸ்எம்எஸ் தொடங்கிவிடும். நான்கு வரிச் செய்தி அனுப்பினால் மூன்று நான்கு எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு போகும். எஸ்எம்எஸ்ஸுக்குத் தனிக் கட்டணம் உள்ள பிளானில் தமிழ்ச் செய்தியைச் செயலியில் அனுப்புவதே சிக்கனம்.

கசிவை அடைப்பது

இதைச் செய்யாமல் பெரிய பிளான் வாங்குவது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கும் கதைதான். ஒரு மாலை உட்கார்ந்தால் எல்லாம் முடிந்துவிடும்.

அரட்டைச் செயலிகளில் படம், வீடியோ தானாக இறங்குவதை மொபைல் டேட்டாவுக்கு நிறுத்துங்கள். குடும்பக் குழுவில் வரும் காலை வணக்க வீடியோக்கள் நீங்கள் தொடாமலே இறங்கிக்கொண்டிருக்கும். அரட்டை, புகைப்படக் காப்பு (பேக்கப்) இரண்டையும் வைஃபைக்கு மட்டும் என்று வையுங்கள். செயலிகள் புதுப்பிக்கப்படுவதையும் அப்படியே. சமூகச் செயலிகளில் வீடியோ தானாக ஓடுவதை அணையுங்கள். இதில் மட்டும் கணிசமான மிச்சம் கண்ணில் தெரியும்.

பிறகு போனின் பொதுவான சேமிப்பு வசதி. ஆண்ட்ராய்டில் டேட்டா சேமிப்பான், ஐபோனில் குறைந்த டேட்டா பயன்முறை. பின்னணியில் ஓடுபவற்றை இவை அடக்கிவிடும். ஐபோனில் வைஃபை அசிஸ்ட் என்று ஒன்று மொபைல் டேட்டா பக்கத்தின் அடியில் இருக்கிறது. வைஃபை தடுமாறினால் கேட்காமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவும் வசதி அது, இயல்பிலேயே இயங்கிக்கொண்டிருக்கும். டேட்டா குறைவாக உள்ளவர் அணைத்துவிடலாம். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் இதே வேலையைச் செய்யும் தேர்வு வேறு பெயரில் ஒளிந்திருக்கும்.

கணினியை ஹாட்ஸ்பாட்டில் இணைப்பவர் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கணினிக்கு அது சாதாரண வைஃபை. அளவில்லாமல் கிடைக்கிறது என்று நினைத்து அப்டேட், மேகச் சேமிப்பு எல்லாவற்றையும் ஓடவிடும். ஒரே இரவில் பல ஜிபி காலியாகும். விண்டோஸில் அந்த இணைப்பின் பண்புகளுக்குப் போய் "அளவிடப்பட்ட இணைப்பு" என்று மாற்றுங்கள். மேக் கணினியில் வைஃபை விவரத்தில் குறைந்த டேட்டா பயன்முறை உண்டு. முடிந்தால் யூஎஸ்பி கேபிள் வழியாகவே பகிருங்கள். பேட்டரி தீராது, பக்கத்து வீட்டார் யாரும் ஒட்டிக்கொள்ளவும் முடியாது.

வைஃபை கிடைக்கும் இடத்தில் வரைபடத்தையும் பாடங்களையும் பாட்டையும் இறக்கி வைத்துக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்ததே.

இரண்டு சிம், ஒரு கணக்கு

இரட்டை சிம் போனிருந்தால் ஒன்றில் அழைப்பும் எண்ணை உயிரோடு வைக்கும் மிகக் குறைந்த ரீசார்ஜும், மற்றதில் டேட்டா மட்டும் என்று பிரித்துக்கொள்ளலாம். வங்கிக் கடவுச்சொல் வரும் எண் என்றும் மாறாது. டேட்டா சிம்மை மாதத்துக்கு ஒரு நிறுவனமாக மாற்றினாலும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அழைப்பின்போது தானாக மற்ற சிம்மின் டேட்டாவுக்கு மாறும் தேர்வை மட்டும் அணைத்துவையுங்கள். இல்லையென்றால் டேட்டா பிளான் இல்லாத சிம்மில் டேட்டா ஓடிக் கட்டணம் விழும்.

வெளிநாடு போகும்போதும் இதே ஏற்பாடு உதவும். சொந்த சிம்மின் டேட்டா ரோமிங்கை விமானம் ஏறுமுன் அணைத்து, போகும் நாட்டின் இசிம்மை (அட்டை இல்லாமல் போனிலேயே ஏற்றும் சிம்) வீட்டு வைஃபையிலேயே வாங்கி ஏற்றிக்கொள்ளலாம். கப்பலிலும் விமானத்திலும் போன் தானாகச் செயற்கைக்கோள் நெட்வொர்க்கைப் பிடிக்கக்கூடும். அதன் கட்டணம் தலை சுற்ற வைக்கும். அங்கெல்லாம் விமானப் பயன்முறையே காப்பு.

மிச்சம் பிடித்ததை ஒரே நாளில் இழக்க வைக்கும் மோசடிகளும் உண்டு. தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரு ரிங் வந்து நின்றால் திருப்பி அழைக்காதீர்கள். அது கட்டணம் கூடிய எண்ணாக இருக்கலாம். யாராவது போனில் ஒரு குறியீட்டைச் சொல்லி டயல் செய்யச் சொன்னால் செய்ய வேண்டாம். உங்கள் அழைப்புகள் அவருக்குத் திரும்பிவிடும். சந்தேகம் இருந்தால் *#21# டயல் செய்து, அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்படுகின்றனவா என்று பாருங்கள். ##002# பெரும்பாலான நெட்வொர்க்குகளில் எல்லாத் திருப்பலையும் ரத்து செய்துவிடும். சிம்முக்கு பின் (PIN) என்ற ரகசிய எண் போடுவதும் நல்லது. மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு, பூட்டைத் திறக்கும் பக் (PUK) எண் கேட்கும். அதையும் பத்து முறை தவறவிட்டால் சிம்மே வீண். பக் எண் பெரும்பாலும் சிம் வந்த அட்டையில்தான் இருக்கும், ஆகவே அதைத் தூக்கி எறியாதீர்கள்.

இரண்டு மூன்று மாதம் ஓடியபின் உங்கள் அளவு நிலைப்பட்டுவிடும். அப்போது வேறு நிறுவனம் மலிவாகத் தெரிந்தால், எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றும் வசதி உள்ள நாடுகளில் அதே எண்ணோடு மாறிக்கொள்ளலாம். பழைய பாக்கியை முதலில் தீர்த்துவிடுங்கள். மிச்ச பேலன்ஸும் டேட்டாவும் கூடவே வராது என்பதால் வேலிடிட்டி முடியும் தறுவாயில் விண்ணப்பியுங்கள். மாறும் நேரத்தில் எண் சில மணி நேரம் செத்துக் கிடக்கலாம். வங்கி வேலை, டிக்கெட் முன்பதிவு எதுவும் இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.